தைபேயில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தைவான், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய மூன்று இடங்களின் சீனச் சமூகங்களையும் சீன மொழி வழியாகவே ஆராயப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். சீனப்பள்ளியில் நீ கற்ற மாண்டரின் என்னும் பொதுச் சீனமொழி உனக்குப் பெருந்துணையாக இருக்கும். ஆயினும் அந்த மொழியே ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு நினைவுகளைச் சுமந்து நிற்கிறது என்பதை நீ முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இம்மூன்று இடங்களிலும் பெரும்பாலோரின் முன்னோர் வீட்டில் பேசியது மாண்டரின் அன்று. தைவானில் 1945க்குப் பின் சீனாவிலிருந்து வந்த குவோமின்டாங் கட்சியின் அரசு அதனை அதிகாரத்தால் நிலைநாட்டியது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அபராதம் கட்டினார்கள், கழுத்தில் பலகை மாட்டி நிறுத்தப்பட்டார்கள். 1987இல் இராணுவச் சட்டம் நீங்கிய பிறகே நிலைமை மெல்ல மாறி, 2001 முதல் ஹொக்கியன், ஹக்கா ஆகிய வட்டாரச் சீன மொழிகளும் பழங்குடி மொழிகளும் தொடக்கப் பள்ளிகளில் பாடமாயின. சிங்கப்பூரில் 1979இல் லீ குவான் யூ தொடங்கி வைத்த மாண்டரின் இயக்கத்தை அடுத்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், கான்டனீஸ் நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. பாட்டியும் பேரனும் ஒருவரோடொருவர் பேச முடியாத வீடுகள் அங்கே உருவாயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மலேசியாவின் கதை நேர்மாறானது. இங்கே மாண்டரின் வழிக் கல்வி சீனச் சமூகமே போராடிக் காத்துக்கொண்ட உரிமையாகும். அதற்காகக் குரல்கொடுத்த ஆசிரியர் லிம் லியான் கியோக் தம் குடியுரிமையையே இழந்தார். ஆகவே, தைபேயில் ஒரு முதியவர் மாண்டரினை ஆட்சியாளரின் மொழியாக நினைவுகூர்வதையும், பினாங்கில் அவர் வயதையொத்த மற்றொருவர் அதையே தம் சொத்தாகப் போற்றுவதையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடாதே.

அக்கம்பக்கத்தில் நீ பழகிய ஹொக்கியனைத் தயங்காமல் பேசு. பினாங்கு ஹொக்கியனில் மலாய்ச் சொற்கள் கலந்திருந்தாலும், அதுவும் தைவான் ஹொக்கியனும் சீனாவின் தென் ஃபுஜியானிலிருந்து வந்தவை என்பதால் தைவானியர்களுக்கு ஓரளவு புரியும். மாண்டரினில் கேட்டால் கிடைக்கும் விடை வேறாக இருக்கக்கூடும்.

ஒவ்வொருவரிடமும் பள்ளியில் சேர்ந்த ஆண்டைக் கேட்டுக் குறித்துக்கொள். 1945க்கு முன் தைவானில் பள்ளி சென்றவர்கள், அன்றைய ஜப்பானிய ஆட்சியில், ஜப்பானிய மொழியில் படித்தவர்கள். ஒரே வாழ்நாளில் இரண்டு அரசுகளின் மொழிக் கொள்கையைக் கண்டவர்கள். அவர்கள் இன்று மிகவும் முதியவர்களாக இருப்பதால், நூலகப் பணியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவர்களைச் சந்தித்துவிடு.

அன்புடன்,
அப்பா