நம் படிப்பகத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மேல்தளம், தரை, கூடத்துச் சுவர் என மூன்று வேலைகளும் முடிந்து, ஜூன் 18 அன்று, முன்னாள் அமைச்சரும் விடுதலைப் போராட்ட வீரருமான கக்கன் அவர்களின் பிறந்தநாளில் படிப்பகம் திறக்கப்பட்டது.

ரசீதில் 'திருப்பணி நிதி' என்று அச்சடித்ததைச் சிலர் கேட்டார்கள். அது கோயில் வேலைக்கான சொல் அல்லவா என்று. மேலூர் அருகே தும்பைப்பட்டியில் கக்கனின் தந்தை பூசாரி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்ததால், அந்தப் பூசாரியின் மகனுக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசல் திறந்திருக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் உள்ளே அழைத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். அவர் நினைவாக நடக்கும் வேலைக்கு அந்தச் சொல்லை நாங்கள் தெரிந்தேதான் வைத்தோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தெரு உயர்ந்துகொண்டே போக, நம் கூடம் பள்ளமாகிவிட்டது. அலமாரியின் கீழ்த் தட்டுகளில் இருந்த புத்தகங்கள் ஊறிப் பிளந்தன. இப்போது தரையை இரண்டடி உயர்த்தியிருக்கிறோம். வாசல் நிலையையும் அதற்கேற்பத் தூக்கிவைத்தாயிற்று.

மேல்தளம்தான் எங்களைச் சோதித்தது. அது பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம். முதலில் வந்த ஒப்பந்தக்காரர், மொத்தத்தையும் உடைத்துக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சொல்லி ஒரு மூலையை உடைக்கவும் தொடங்கிவிட்டார். உள்ளே இருந்த தேக்குச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தபோது இரண்டில் மட்டும்தான் கரையான் இருந்தது. வேலையை அங்கேயே நிறுத்தினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க ஏழு வாரங்கள் ஆயின. அவர் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, தளச்செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி கொட்டினார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அதைத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். அந்தத் தாளம் தெருக்கோடிவரை கேட்டது. பின்னர் பெய்த கோடை மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

சுவரில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை சுலபமாக முடியும் என்று நினைத்திருந்தோம். அதற்குத்தான் நான்கு கூட்டங்கள் பிடித்தன.

முதல் வரைவில், மேட்டூர், வைகை அணைகளைக் கட்டியவர் என்று இருந்தது. மேட்டூர் அணை 1934-லேயே முடிந்துவிட்டது. கக்கன் பொதுப்பணித் துறைக்கு வந்ததோ 1957-இல். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் திறக்கப்பட்டது வைகை அணை, 1959-இல். ஆகவே மேட்டூரை அடித்தோம். அன்பின் மிகுதியால் எழுதியது என்றாலும், பிறர் உழைப்பை அவர் பெயரில் ஏற்றுவதை அவரே பொறுத்திருக்க மாட்டார். அவருக்கு உரியதே ஏராளம்: வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அலிப்பூர்ச் சிறை, அரசியல் நிர்ணய சபை, 1952 முதல் ஐந்து ஆண்டுகள் மக்களவை, காமராஜர் முதல்வரானபின் மாநிலக் காங்கிரஸ் தலைவர் பதவி, பொதுப்பணித் துறைக்குப் பிறகு வேளாண்மை, 1963 அக்டோபர் முதல் உள்துறை.

உள்துறை என்று எழுதியதும் 1965 வந்து நின்றது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சர் அவர்தான். நினைவுச் சுவரில் அது எதற்கு என்றார்கள் சிலர். அந்த ஆண்டு மாணவராக ஊர்வலத்தில் நடந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அதை எழுதாவிட்டால் நான் இந்தக் கூடத்துக்குள் வர மாட்டேன், எழுதினால் அவர் படத்தை நானே மாட்டுகிறேன்" என்றார். எழுதினோம். படத்தை அவர்தான் மாட்டினார். அதே உள்துறைக் காலத்தில், 1964-இல், லஞ்ச ஒழிப்புக்கென மாநிலத்தில் தனித் துறை ஏற்பட்டதும் பக்கத்துப் பலகையில் இருக்கிறது.

கடைசிப் பலகையை ஓவியர் எழுதும்போது நாங்கள் சிலர் கூடவே நின்றிருந்தோம். 1967 தேர்தல் தோல்வி. பிறகு வாடகை வீடு. நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்த அவரை, முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். பார்த்தது. 1981 டிசம்பர் 23, மறைவு. "பொது வார்டு" என்று எழுதியதும் ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "பத்து வருஷம் மந்திரியாக இருந்தவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியை எழுதினார். அந்த வரியில் மட்டும் எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக இருக்கும். திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகள், பில்கள் எல்லாம் பொருளாளரிடம் உள்ளன. எந்த உறுப்பினரும் மாலை 6 மணிக்கு மேல் கேட்டுப் பார்க்கலாம். மாடிப்படிக் கைப்பிடியும் பின்பக்க ஜன்னல் கம்பிகளும் பாக்கி. மழைக்காலத்துக்குள் அவற்றையும் முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்