அப்பாவுக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். போனில் பேசினால் பாதி நேரம் நான் என்ன சாப்பிட்டேன் என்பதிலேயே போய்விடுகிறது. மீதி நேரத்தில் நீங்கள் "கடையில ஆள் நிக்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் அம்மாவுக்கு ஒன்று. போன வாரம் "சர்ஜரிக்குப் போய்ட்டு வந்தேன்" என்றதும் அழுதுவிட்டாளாமே. இங்கே டாக்டர் உட்காரும் சாதாரண கிளினிக்குக்கே சர்ஜரி என்றுதான் பெயர். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை.

சண்டர்லாந்தில் ஒரு வருஷப் படிப்பு முடிந்து, ஜூலைக் கடைசியிலிருந்து இந்த மருந்துக் கடையில் பயிற்சியில் இருக்கிறேன். 52 வாரம். அடுத்த ஜூனில் மருந்தாளர் கவுன்சில் நடத்தும் பரீட்சை. அதில் கணக்குக்கு மட்டும் தனித் தாள், 40 கேள்வி. நம் மருந்துக் கடையில் நீங்கள் காகித உறையின் பின்பக்கம் சிரப் அளவு போட்டுக் காட்டியதெல்லாம் இப்போது உதவுகிறது.

கடை ஹை ஸ்ட்ரீட் நார்த்தில். வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு இல்லாவிட்டால் நம்ம ஊர் பஜார் என்றே நினைப்பீர்கள். நடைபாதையில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் பெட்டி பெட்டியாக இருக்கும். தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, ஜவுளிக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. இதே தெருவில் மகாலட்சுமி கோவில். மேனர் பார்க் முருகன் கோவிலுக்கும் அதிக தூரமில்லை.

ஆனால் கடைக்குள் நுழைந்தால் வேறு உலகம். காலையில் மருந்தாளர் வந்து, இன்றைக்கு நானே பொறுப்பு என்று பதிவு செய்து, தன் பெயரும் பதிவு எண்ணும் உள்ள அட்டையை மாட்டும்வரை ஒரு பாராசிட்டமால் கூட விற்கக் கூடாது. சோப்பு, ஷாம்பூ விற்கலாம். ஒருநாள் அவர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் வரிசை வாசல் தாண்டி நிற்க, மருந்து முழுக்க அலமாரியில் இருக்க, நான் சீப்பு விற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் கல்யாண வீட்டுக்குப் போனால் அம்மா கல்லாவில் உட்காருவாளே, அது நினைவுக்கு வந்தது. கோவிச்சுக்காதீங்க. சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் சர்ட்டிபிகேட் மாட்டியிருப்பதும் இதற்காகத்தானே.

கத்தரிக்கோலுக்கு இங்கே வேலை குறைவு. "தலைவலிக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுக்கும் வழக்கமே கிடையாது. பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டிக்கு 16, எங்களிடம் 32. அது 1998-ல் வந்த கட்டுப்பாடு. மொத்தமாக விழுங்கி ஈரல் கெட்டுச் சாகிறவர்கள் அதற்குப் பிறகு குறைந்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் வந்து "650 இருக்கா" என்பார்கள். இங்கே 500 தான்.

டாக்டர் சீட்டுக்கு, மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்ட். மலிவான மருந்தானாலும் அதேதான், விலை உயர்ந்ததானாலும் அதேதான். 60 வயது தாண்டியவர்களுக்கும் 16-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் இலவசம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லாருக்குமே இலவசம் என்பது இங்கே தினமும் யாராவது கிளப்பும் சண்டை. போன வருஷம் ஜனவரியிலிருந்து தொண்டை வலி, காது வலி, அக்கி, பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பு என்று ஏழு கோளாறுகளுக்கு மருந்தாளரே பரிசோதித்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் மாதிரி சீட்டு மருந்தும் கொடுக்கலாம். நீங்கள் முப்பது வருஷமாகச் செய்வதுதானே என்று சிரிப்பீர்கள். வித்தியாசம், இவர் தனி அறையில் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் எழுதி, "உங்களுக்கு வேண்டாம்" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்.

பெயர்தான் பெரிய பாடு. நம் இனிஷியல் கணக்கு கம்ப்யூட்டருக்குப் புரியாது. அப்பா பெயர் ஒரு வீட்டில் குடும்பப் பெயராகும், இன்னொரு வீட்டில் புருஷன் பெயர். ஒரே நாளில் மூன்று சிவலிங்கம். அதனால் மருந்துப் பையைக் கொடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் விலாசம் கேட்டாக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர், வாரா வாரம் வேளைவாரியாக அடுக்கிய மாத்திரைப் பெட்டி வாங்குபவர், முகம் சுருங்கிப் போய், "போன கிழமையும் வந்தனான் பிள்ளை, என்னைத் தெரியேல்லையோ?" என்றார். தெரியும் பாட்டி, ஆனாலும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கதவு எண் முதல் போஸ்ட் கோடு வரை பரீட்சையில் ஒப்பிப்பதுபோல.

பத்தரைக்கு ஒருவர் வருவார். ஹெராயினை விட்டவர். பூட்டிய அலமாரியிலிருந்து மருந்தாளர், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோனை எடுத்து அளந்து வைப்பார், பச்சை நிறத் திரவம். தனி அறையில், எதிரிலேயே குடிக்க வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு வார்த்தை பேச்சு. வாயிலேயே அடக்கிக்கொண்டு போகவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பேச்சு. ஆனால் இரண்டு பேரும் கால்பந்து பற்றி உண்மையாகவே பேசுவார்கள். முதல் வாரம் எனக்கு அவரைப் பார்க்கப் பயம். இப்போது வராவிட்டால்தான் பயம்.

இனி சொல்ல வந்தது. செப்டம்பரில் ஒரு தவறு செய்துவிட்டேன். ஆஸ்துமாக்காரர் ஒருவருக்கு பிரெட்னிசோலோன். நான் அலமாரியிலிருந்து எடுத்தது புரோப்ரனோலால், பிரஷர் மாத்திரை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே கம்பெனியின் வெள்ளைப் பெட்டிகள். லேபிள் எல்லாம் சரியாக ஒட்டிக் கூடையில் வைத்துவிட்டேன். எந்த மருந்தை எந்த நோயாளிக்கு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மூச்சுக் குழாய் இறுகிப் போயிருக்கும். இரண்டாவதாகச் சரிபார்த்த மருந்தாளர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என் முன்னால் வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. திட்டுவார் என்று நின்றேன். ஒரு நோட்டை எடுத்து நீட்டி, "எழுது" என்றார். தேதி, மருந்து, ஏன் மாறியது, இனி என்ன செய்வது. அந்த நோட்டைப் புரட்டினால் முந்தைய பக்கத்தில் அவர் எழுத்திலேயே அவர் தவறு ஒன்று. மறுநாள் இரண்டு மருந்தையும் வேறு வேறு தட்டுக்கு மாற்றினோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த நீங்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போனீர்கள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து கிணற்றடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினீர்கள். கையில் கடை உறை ஒன்று, கசங்கி. அம்மா கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றீர்கள். மறுநாளும் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஒன்றுமில்லை.

இனி என்னிடம் மறைக்க வேண்டாம். யாருக்குப் போனது, என்ன மருந்து மாறியது, போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டிருந்தார்களா? போனில் சொல்லச் சங்கடமாக இருந்தால் எழுதுங்கள்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம். கடலை மிட்டாய் அனுப்பும்போது கூடவே உங்கள் பழைய மூக்குக் கண்ணாடியின் பவரையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செல்வி