திருகோணமலை மாநகர சபையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும்,

நம் சபை மக்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளிலும் வெளிவர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். அதற்கு முன், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1962 முதல் 1970 வரை மேயராக இருந்த இளைய ஐவன் அலெனைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரில் தரைப்படை அதிகாரியாகக் கடமையாற்றிய அவர், தந்தை தொடங்கிய அலுவலகப் பொருள் வணிகத்தை ஏற்று நடத்தி, நகர வர்த்தக சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். ஐம்பதுகளில் இனப்பிரிவினையை ஆதரித்துப் பேசிய வெள்ளையர் அவர்; ஆயினும் மேயராகப் பதவியேற்ற முதல் நாளே, நகர மண்டபத்தில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்த பலகைகளைக் கழற்றும்படி பணித்தார். உணவகங்களும் விடுதிகளும் நிறம் பாராமல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற சட்டமூலத்தை ஆதரித்து, 1963 இல் செனட் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். தம்மவர் வாக்குகளை இழக்கக்கூடும் என்று தெரிந்தே அதைச் செய்தார்.

அதே மனிதர்தான், கறுப்பினக் குடும்பங்கள் வெள்ளையர் குடியிருப்புப் பக்கம் வீடு வாங்கி வருவதைத் தடுப்பதற்காக, 1962 டிசம்பரில் பெய்ட்டன் வீதியின் குறுக்கே மறிப்பு எழுப்ப இடங்கொடுத்தார். 1963 மார்ச்சில் நீதிமன்றம் அது செல்லாது என்றதும் மறிப்பு அகற்றப்பட்டது. தாம் செய்தது தவறு என்று அவரும் ஒப்புக்கொண்டார். வீதியை மறித்துக் கிடந்த மண்மூடைகளையும் முட்கம்பிச் சுருள்களையும் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன எனக்கு, அவர் கழற்றிய பலகைகளை விட அவர் எழுப்பிய இந்த மறிப்புத்தான் மனதை விட்டு அகலவில்லை. நல்லெண்ணம் உள்ளவரும், சுற்றியிருப்போர் கேட்டார்கள் என்பதற்காக வீதியை மறித்துவிடுகிறார்.

மொழியும் அப்படியொரு மறிப்பாகிவிடும். என் தாயாருக்கு ஓர் அரச அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வரும்போதெல்லாம், அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் போவார். பல ஆண்டுகள் கழித்து, இந்நகரின் வேறோர் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிங்கள முதியவர் தமிழில் மட்டும் அச்சிட்ட படிவமொன்றை என்னிடம் நீட்டி, "மல்லி (தம்பி), இதில் என்ன கேட்டிருக்கிறார்கள்?" என்றார். அவர் விரல் பெயர் எழுத வேண்டிய கோட்டிலேயே நின்றது. என் தாயாரின் முகத்தை நான் அங்கே கண்டேன்.

அரசியலமைப்பில் இரு மொழிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் கருமபீடத்தில் நிற்பவரின் கைக்கு வருவது படிவம்தான். இச்சபையில் தமிழ் பேசும் உறுப்பினர்களே அதிகம் என்பதால், இது நம் கைக்குள் இருக்கும் காரியம். வரிப் பத்திரம், கட்டட அனுமதி விண்ணப்பம், குப்பை அகற்றும் நேர அறிவித்தல் என மக்கள் கைக்குப் போகும் ஒவ்வொரு தாளும் இரு மொழிகளிலும் ஒரே நாளில், ஒரே அளவு எழுத்தில் வெளிவர வேண்டும் என்று அடுத்த அமர்விலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள். மொழிபெயர்ப்பாளர் போதாவிட்டால், இரு மொழியும் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்நகரில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

இப்படிக்கு,
உவர்மலைவாசி ஒருவர்