புறாமலைக்குப் படகேறுமுன் பத்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் புறப்படும் ஒவ்வொருவருக்கும், படகில் கால் வைப்பதற்கு முன்னர், தாம் போகும் இடம் எத்தகையது, அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அவரவர் மொழியில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். கேட்பதற்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். உப்புவெளியில் பிறந்து வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மாவட்டத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவள் நான். இந்தச் சிறிய காரியம் செய்யப்படாததால் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதை நேரிற் கண்டதனாலேயே எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் ஒன்பதாம் தர மாணவர்களைப் புறாமலைக்கு அழைத்துச் சென்றேன். சீட்டு வாங்கினோம், உயிர்காப்பு அங்கிகளை மாட்டிக்கொண்டோம், படகேறினோம். கால் மணி நேரத்துக்குள் தீவில் இறங்கிவிட்டோம். அதுவரை, கடலுக்குள் கண்ட இடத்தில் கால் ஊன்றக் கூடாது என்று எவரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வகுப்பில் முருகைக்கல் எனப்படும் பவளப்பாறையைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேனே தவிர, இடுப்பளவு நீரில் நிற்பவரின் காலடியிலேயே அது இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. நீந்தத் தெரியாத ஒரு மாணவி, அலை தள்ளியதில் தடுமாறி, அருகிற் கண்ட ஒரு 'கல்லின்' மேல் ஏறி நின்றாள். அப்போது முகத்தை நீருக்குள் வைத்திருந்த எனக்குக் காய்ந்த சுள்ளி முறிவது போன்ற ஓசை தெளிவாகக் கேட்டது. மான்கொம்பு போலக் கிளைத்திருந்த முருகைக்கல்லின் மூன்று கிளைகள் ஒடிந்து மணலில் கிடந்தன. அவற்றுக்குள் ஒளிந்திருந்த நீல நிறச் சிறு மீன்கள் போக்கிடம் தெரியாமல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. "ரீச்சர், கல்லு உடைஞ்சுபோச்சு" என்று அவள் ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நுனி வெளிர் ஊதாவாக இருந்தது. முறிந்த முகம் சுண்ணாம்பைப் போல வெள்ளையாக இருந்தது. அது கல்லல்ல, உயிர் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். வீடு திரும்பும் வரை அவள் ஒருவருடனும் பேசவில்லை.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முருகைக்கல் என்ற பெயரே அதைக் கல்லென்றுதான் சொல்கிறது. உண்மையில் அது குண்டூசித் தலையளவேயான சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தம் உடலிலிருந்து சுரக்கும் சுண்ணாம்பைக் கொண்டு கட்டியெழுப்பும் குடியிருப்பாகும். அவற்றின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. வெயிலைக் கொண்டு அப்பாசிகள் சமைக்கும் உணவிலேயே முருகை உயிர்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. அவற்றுக்கு நிறத்தைக் கொடுப்பதும் பெரும்பாலும் அப்பாசிகளே. கடல்நீர் வழமையான கோடை வெப்பத்தை விட ஓரிரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் தொடர்ந்து சுட்டால், பாசிகள் வெளியேறி, முருகைக்கல் வெளிறிப் பட்டினியால் மடிகின்றது. 1998ஆம் ஆண்டில் உலகக் கடல்கள் பலவற்றில் இது நேர்ந்தபோது, இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோர முருகைத் திட்டுகள் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பகுதி அவ்வளவாகப் பாதிக்கப்படாமல் தப்பியது. ஒரு பெரிய ஊழியைத் தாண்டி நின்ற உயிர்களை நாம் இப்போது காலால் மிதித்து உடைக்கிறோம். கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றராவது வளரும். பாறை போல் உருண்டு திரண்டவையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரும்பாடு. தலையணை அளவான ஒரு திரளின் வயது, அதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பவரின் வயதை விடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

புறாமலை 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. கடல்சார் தேசியப் பூங்கா என்ற வகையில் அது ஹிக்கடுவைக்கு அடுத்ததாகும். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டேயர் என்றாலும் அதிற் பெரும்பகுதி கடலே. பெரிய தீவு சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் மட்டுமே கொண்டது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் வரையான அந்தச் சில மாதங்களுக்குள், அதிலும் பாடசாலை விடுமுறை நாட்களில், நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவோர் அத்தனை பேரும் அந்தச் சிறு மணற்கரையிலும் அதையொட்டிய ஆழமில்லாத நீரிலும்தான் இறங்குகிறார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் வீதிகள் திறந்து, வருவோர் தொகை பெருகியது நம் மாவட்டத்துக்கு நல்லதே. எத்தனையோ ஆண்டுகள் நம் கரையையே நாம் எட்டிப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள் நாம். ஆகையால் எவரையும் வர வேண்டாம் என்று சொல்ல என் நா எழாது. அறிந்து வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதில் படகோட்டும் இளைஞர்கள் மீது பழியைப் போடுவது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். அன்று எங்களைக் கூட்டிச்சென்ற தம்பியிடம், ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டேன். "நாங்க சொன்னா யார் ரீச்சர் கேக்கிறாங்க? காசு குடுத்து வந்தனாங்க, நீ என்ன சொல்றது எண்டு கேக்கிறாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பயணியின் பணத்தை நம்பிப் பிழைப்பவர் அதே பயணியைக் கண்டிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. சொல்ல வேண்டியது சட்டத்தின் குரல். அது படகேறும் இடத்திலேயே, எல்லோருக்கும் பொதுவாக ஒலிக்க வேண்டும். சொல்லும் பணிக்கு நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பகுதிக் கடற்றொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளையே பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். அந்தக் கடலின் ஏற்ற இறக்கத்தையும் நீரோட்டத்தையும் அவர்களுக்கு மேல் அறிந்தவர் இல்லை.

உலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஹனௌமா குடா என்னும் இடம், புறாமலையைப் போலவே ஆழமில்லாத முருகைத் திட்டைக் கொண்டது. ஒரு காலத்தில் கட்டுக்கடங்காத கூட்டத்தால் சீரழிந்தது. 2002 முதல், அங்கு வருவோர் ஒன்பது நிமிடக் காட்சிப் படம் ஒன்றைப் பார்த்த பின்னரே குடாவுக்குள் இறங்க அனுமதிக்கப்படுகின்றனர். வாரத்தில் இரு நாட்கள் குடா மூடப்பட்டு மீன்களுக்கும் முருகைக்கும் ஓய்வு கொடுக்கப்படுகிறது. அதனால் அங்கே மக்கள் வருகை நின்றுவிடவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சொல்வது என்றால், முதலாவதும் முக்கியமானதும் நீருக்குள் நிற்காதே, மித என்பதுதான். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் குப்புறப் படுத்து மிதந்தால் நீந்தத் தெரியாதவரும் கீழே உள்ள அத்தனையையும் பார்க்கலாம். மிதக்க அஞ்சுவோர் வெறும் மணல் உள்ள பகுதியில் மட்டும் இறங்கலாம், அப்பகுதியை மிதவைகளால் அடையாளமிட்டு வைப்பது கடினமன்று. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் கரையருகே வரும். அவை கூச்ச சுபாவம் உள்ளவை, மனிதரைத் தேடி வருவதில்லை, ஆகவே அலறவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அழுங்காமை ஒன்று மேலே வந்தால் அது மூச்செடுக்கவே வருகிறது. சுற்றி வளைத்துப் படம் எடுக்க முண்டியடித்தால் அது மூச்செடுக்காமலே மறுபடியும் ஆழத்துக்குப் போய்விடும். பாணைப் பிய்த்து மீனுக்குப் போடக் கூடாது. வெயிலுக்கு உடலிற் பூசும் களிம்புகள் சிலவற்றில் முருகைக்குக் கேடான இரசாயனங்கள் இருப்பதால், களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை அணிந்து இறங்குவது நல்லது. ஹவாய் மாநிலம் அத்தகைய களிம்பு வகைகளின் விற்பனையை 2021 முதல் தடை செய்தே விட்டது. கரையில் குவிந்து கிடக்கும் இறந்த முருகைத் துண்டுகளில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அத்தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிலேயே கூடு கட்டுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பாறை மேல் ஏறிக் கூச்சலிடுவோரிற் பலருக்கு அது தெரியாது.

இவை அனைத்தும் தமிழிலும் சொல்லப்பட வேண்டும் என்பதை அழுத்திக் கேட்கிறேன். இம்மாவட்டத்தில் நான் கண்ட அறிவிப்புப் பலகைகள் பலவற்றில் தமிழ், இடம் மிஞ்சினால் போடப்படும் ஒன்றாக, எழுத்துப் பிழைகளோடு ஓர் ஓரத்தில் நிற்கிறது. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ முதன்முறையாகத் தன் பிள்ளைகளோடு வரும் ஒரு தாய் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்வார்?

புறாமலையைப் பற்றிச் சொன்னது நகரத்து மான்களுக்கும் பொருந்தும். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் புள்ளிமான்கள் மனிதரோடு மனிதராக உலவுவது திருகோணமலைக்கு வருவோர் அனைவரையும் வியக்க வைக்கும் காட்சி. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் அவற்றுக்கு எதையாவது ஊட்டிப் படம் எடுக்காதவர் குறைவு. சென்ற மாதம் ஒரு நாள் காலை, குப்பைத் தொட்டியருகே ஒரு பெண் மான், மீன் குழம்பு மணக்கும், சோறு கட்டும் பொலித்தீன் சாப்பாட்டுத் தாளொன்றைத் தின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். உப்புச் சுவைக்காக முதலில் நக்கியது. பிறகு ஒரு முனையைப் பற்றி மெல்ல மெல்ல உள்ளிழுத்தது. நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடிப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. நாளடைவில் பந்தாகத் திரண்டு வயிற்றை நிறைக்க, வயிறு நிறைந்த உணர்வோடே அந்த உயிர் பட்டினியால் மெலிந்து சாகும். பொலித்தீன் சாப்பாட்டுத் தாள்கள் 2017இலேயே இந்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடை ஏட்டில் இருக்க, மானின் வயிற்றில் தாள் இருக்கிறது. மூடியுள்ள குப்பைத் தொட்டிகளும், கோட்டை வாசலில் நின்று சொல்ல ஓர் ஆளும் இருந்தாலே இதிற் பெரும்பகுதி குறையும்.

கன்னியா வெந்நீரூற்று, சீனன்குடாப் பக்கத்து மாபிள் கடற்கரை, புல்மோட்டையின் அரிசிமலை, கொக்கிளாய்க் களப்பின் பறவைகள், மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக்குடாவின் கண்டல் காடுகள் என்று நம் மாவட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியவை நிறையவே உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய பத்து நிமிடம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே கடல் கரையோரமாகவே பாதாளமாக இறங்குவதால், நீலத் திமிங்கிலங்களைக் கோணேசர் கோயில் அமைந்த கோணமலையின் உச்சியில் நின்றே காணக்கூடிய பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. ஆயினும் அவற்றைக் காட்டக் கூட்டிச்செல்லும் படகுகள் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நான்கு பக்கமும் சூழ்வதை நானே பார்த்திருக்கிறேன். திமிங்கிலத்தின் போக்குக்குக் குறுக்கே போகாமல், தூரத்தில் வேகத்தைத் தணித்துக் காத்திருக்கும்படி சொல்வதற்கு எத்தனை நிமிடம் தேவை?

விலங்குகளையும் தாவரங்களையும் காக்க 1937ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் கட்டளைச் சட்டம் இருக்கிறது. புதிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. நுழைவுச் சீட்டு விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு, நிழலுக்கு ஒரு கொட்டகை, மூன்று மொழிகளிலும் பிழையற்ற ஒரு படக்காட்சி, மிதவைகளால் ஒரு மணற்பகுதி, பாடசாலைப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் நெரிபடாமல் வந்து பார்க்க வாரத்தில் ஒரு காலைப்பொழுது. இவற்றை அடுத்த பருவம் தொடங்குவதற்குள் செய்து முடிக்கப் பொறுப்பான அதிகாரிகள் முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடலுக்குள் இறங்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்திருக்கிறேன். அன்று அந்தத் துண்டை எடுத்து நீட்டிய மாணவி இப்போது ஓர் ஆசிரியை. படங்களை அவர் வரைந்து தந்திருக்கிறார். அதிகாரிகள் கேட்டால் அத்தாளை அப்படியே கொடுப்போம். கொட்டகை எழும் வரை, சனிக்கிழமைகளில் நிலாவெளிக் கரையில் நின்று அதைப் படகேறுவோர் கையிற் கொடுக்கவும் நாங்கள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.