றிப்போட்டோடு தமிழில் ஒரு பக்கம் தாருங்கள்

எங்கள் பகுதியின் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். கிளினிக்கில் ஆள் குறைவு, சனம் கூட என்பது நீங்கள் அறிந்த கதை. அதை நான் திரும்பச் சொல்ல வரவில்லை. என் அப்பாவின் பீங்கானைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் இடது காதுச் சோணைக்குக் கீழே புளியங்கொட்டையளவில் ஒரு கட்டி வந்தது. கூகைக்கட்டு என்றார்கள். 63 வயதில், நோவுமில்லாமல் காய்ச்சலுமில்லாமல், ஒரு பக்கம் மட்டும் நாலு மாதம் நிற்கிற கூகைக்கட்டு! இரண்டு தரம் குளிசை முடித்த பிறகுதான் ஊசியால் சதைத்துண்டு எடுத்தார்கள். றிப்போட்டுக்காக மண்டூரில், மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். முழுக்க ஆங்கிலம். கடைசி வரியில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் பார்க்கச் சொல்லி இருந்தது. தாளைத் தந்தவர் தலை நிமிராமல் “வைரஸ் சந்தேகம்” என்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

கொரோனாவைக் கண்ட சனத்துக்கு வைரஸ் என்றால் என்னவென்று சொல்லவும் வேண்டுமா? அன்றிரவே அப்பாவின் சாப்பாடு வேறானது. நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான், ஒரு பேணி, இரண்டும் கிணற்றுக் கட்டின் மேல். கொண்டுபோய் வைத்தது வேறு யாருமல்ல, அப்பாவேதான். மூன்று வயதுப் பேத்தி மடியில் ஏற வந்தால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அவள் வருவதை விட்டுவிட்டாள். துண்டு கொழும்புக்குப் போய் மறுமொழி வர ஏழு கிழமை எடுத்தது.

அந்த ஏழு கிழமையும் நான் இரவிரவாக வாசித்தேன். 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வைரஸ், உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேலானோரின் உடம்பில் பேசாமல் கிடக்கிறது. எச்சிலால் தொற்றுவது உண்மைதான், ஆனால் அநேகமானோருக்கு அது எப்போதோ தொற்றி முடிந்த விஷயம். றிப்போட் தந்தவருக்கும்தான். பீங்கானைப் பிரித்து என்ன பயன்? அப்பாவின் கட்டி இருந்தது காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில். உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்த வைரஸோடு உறுதியாகச் சேர்த்துச் சொல்லப்படுவது ஓர் அரிய புற்றுநோய். கிரீன்லாந்து, அலாஸ்கா இனுவிட் மக்களிடமும் தென்சீனரிடமும் கூடுதலாகக் காணப்படுவது. அப்பாவின் துண்டிலும் அந்தப் புற்றுநோயில் போலவே நிணநீர்க் கலங்கள் நிறைந்திருந்தபடியால், அதுவல்ல என்று உறுதி செய்யத்தான் அந்தக் கடைசி வரி. எலிகளின் காதடிச் சுரப்பியில் கட்டி வரவைக்கும் வேறொரு வைரஸை லுட்விக் குரோஸ் என்ற ஆய்வாளர் 1953இலேயே கண்டார். மனிதரில் கதை அவ்வளவு நேராக இல்லை.

மறுமொழி வந்தது. வார்த்தின் கட்டி. புற்றுநோய் அல்ல. அதற்கும் வைரஸுக்கும் தொடர்புண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இணக்கமில்லை. ஆனால் புகைத்தலோடு அதற்குள்ள தொடர்பு திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. அப்பா நாற்பது வருடமாகப் பீடி குடிப்பவர். பீங்கான் கிணற்றடிக்குப் போன வீட்டில் பீடிக்கட்டு தலையணைக்கு அடியிலேயே இருந்தது. அதைப் பற்றித்தான் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லையே.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. றிப்போட்டைக் கையில் தரும்போது தமிழில் ஒரு பக்கமும் தாருங்கள். என்ன கட்டி, தொற்றுமா தொற்றாதா, அடுத்த பரிசோதனை எதற்கு, திரும்ப எப்போது வர வேண்டும். இவ்வளவுதான். பெரியவர் ஒருவர் திறப்பு விழாவுக்கு வருகிறார் என்றால் ஒரே இரவில் மும்மொழியிலும் பதாகை அச்சாகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஒரு பக்கம் அச்சடிக்க மை எந்த நாட்டிலிருந்து கப்பலேற வேண்டும்? வாசிக்கத் தெரியாதவருக்கு அதை இரண்டு நிமிடம் வாசித்துக் காட்ட ஒரு தாதியையாவது விட முடியாதா?

மன்னிக்கவும், கோபம் முந்திவிட்டது. உங்களிலும் நல்லவர்கள் உண்டு. சதைத்துண்டு எடுத்த டொக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தார்.

அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளால்தான் ஓடுகிறதென்பதையும் நானாகத்தான் வாசித்து அறிந்தேன். சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்து வைக்க முன்னராவது அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் தரும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு மகள்