செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மட்கும் குப்பையும் உலர் பொருளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நகர் வாழ் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர், பூங்காப் பணிகள் தனித்தாளில் தரப்பட்டுள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை குப்பைப் பணிக்கு மட்டும் உரியது.

2024 ஏப்ரலில், இந்தச் சங்க ஆண்டு தொடங்கியதுமே, கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பல நாள் எரிந்தது. காய்கறிக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்து காற்றுப் புகாமல் குவிந்து கிடந்தால் உள்ளே மீத்தேன் வாயு உண்டாகும், சூடும் ஏறும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அடியில் கனல் கிடக்கும். கோவையின் குப்பை முழுவதையும் நாம் திருத்த முடியாது. அங்கே போகும் வண்டியில் நம் நகரின் சமையலறைக் கழிவு ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியும். 2016 ஏப்ரல் 8இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் இயன்றவரை தங்கள் எல்லைக்குள்ளேயே மட்கும் கழிவைப் பதப்படுத்த வேண்டும் என்றே சொல்லின.

தரம் பிரிப்பது பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். செயற்குழுவின் கணிப்பில் இந்த ஆண்டின் பெரிய தொல்லை ஈரம்தான். உரத்தொட்டி நாறியதும் அதனால்தான், உலர் பொருள் அறையில் சரக்கு தேங்கியதும் அதனால்தான். ஆகவே அதை ஒட்டியே இந்த அறிக்கை அமைகிறது.

உரத்தொட்டிகள்

தொட்டிகள் 4 அடி அகலம், 6 அடி நீளம், மூன்றரை அடி உயரம். செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டியவை. அகலத்தை நாலடிக்கு மேல் கூட்டினால் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. இடம் இருக்கிறதே என்று அகலமாகக் கட்டச் சொன்ன யோசனையை ஏற்காததற்கு இதுவே காரணம். தரை ஒரு பக்கமாகச் சரிந்து, கசிவு நீர் ஒரு சிறு குழியில் சேர்கிறது. அடியில் அரையடி உயரத்துக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும் பரப்பிய பிறகே கழிவு போடப்படுகிறது.

காய்கறி, பழத்தோல், மிஞ்சிய சோறு ஆகியவற்றின் எடையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 100 கிலோ கழிவில் 80 லிட்டர். மட்கும் நுண்ணுயிர்களுக்கு 50 முதல் 60 சதவீத ஈரம் போதும். மிஞ்சினால் இண்டு இடுக்கெல்லாம் நீர் நிறைந்து காற்று வெளியேறிவிடும். காய்ந்த சருகில் ஈரம் பத்து சதவீத அளவே. கணக்குப் போட்டால் 100 கிலோ கழிவுக்கு 40 கிலோ சருகு சேர்த்தால்தான் கலவை 60 சதவீதத்துக்கு இறங்குகிறது. காலால் மிதித்து அமுக்கினாலும் ஒரு சாக்கில் 8 கிலோ சருகுதான் பிடிக்கிறது, அதாவது 100 கிலோவுக்கு ஐந்து சாக்கு. வாளிக் கணக்கில், ஒரு வாளி கழிவுக்கு மூன்று வாளி சருகு. கழிவு தினமும் வந்துகொண்டே இருக்கிறது. சருகுதான் மழை மாதங்களில் தீர்ந்துபோகிறது. தொட்டி நாறிய நாட்கள் எல்லாமே சருகு தீர்ந்த நாட்கள்.

இதற்குத் தென்னைநார்த் தூளைப் போடலாமே, பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், உண்மை. ஆனால் அதில் எளிதில் மட்காத லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். சருகு மட்கும் வேகத்தில் மட்காது. கழுவாத தூளில் உப்பும் இருக்கும். நெகிழ்ந்துபோன கலவையை அவசரத்துக்குக் கட்ட ஒரு கூடை தூவலாம். சருகின் இடத்தை அது பிடிக்காது.

அடுக்கு போடும் முறையில் மாற்றமில்லை: சருகு, கழிவு, சாணக் கரைசல் தெளிப்பு, மறுபடி சருகு. கடைசி அடுக்கு எப்போதும் சருகாகவே இருக்க வேண்டும். ஈ முட்டையிடுவது திறந்து கிடக்கும் கழிவின் மேல்தான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். அந்தச் சூடு மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் சாகும். சூடு ஏறவில்லை என்றால் கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. தாரையாக ஒழுகினால் சருகு சேர்த்துப் புரட்ட வேண்டும். ஒன்றுமே கசியாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கோடையில் தொட்டியின் ஓரங்கள் இப்படிக் காய்ந்துபோய் மட்காமல் நிற்கும்.

நாற்றத்திலும் வகை உண்டு. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. மேலிருந்து அடிவரை கிளறி, மட்டையோ சுள்ளியோ கலக்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை என்றால் தழைச்சத்து மிகுதி, சருகு குறைவு. புளித்த வாடை சோறும் குழம்பும் கட்டியாக விழுந்த இடத்தில் வருவது. அந்தக் கட்டியை உடைத்துப் பரப்பினாலே போய்விடும். பிளீச்சிங் பவுடர் தூவுவது எதற்கும் மருந்தல்ல. மட்கவைக்கும் உயிர்களை அது கொன்றுவிடும்.

தொட்டியில் நெளியும் தடித்த பழுப்புநிறப் புழுக்களைப் பற்றிப் புகார்கள் வந்தன. அவை கருப்புப் போர்வீரன் ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று குறைப்பவை. வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து உணவில் உட்காராது. அவை மிகுதியாகத் தெரிந்தால் ஈரம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை புரட்டி வந்தால் 45 முதல் 60 நாளில் உரம் கறுத்து மண்வாசனை பிடிக்கிறது. பிறகு சில வாரம் நிழலில் ஆறவிட்டு, 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறோம். நகர்ப்புற உரத்துக்கு 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்பதும் அந்தச் சல்லடையில் 90 சதவீதம் இறங்கும் பதத்தைத்தான். அதே ஆணை ஒரு கிலோ உரத்தில் ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு பழைய பேட்டரி தொட்டிக்குள் உடைந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சலிக்கும்போது அதிக நேரத்தைத் தின்பது பூமாலைதான். வாழைநாரில் கட்டிய மாலை நாரோடு மட்கிவிடும். நைலான் நூலும் ஜரிகையும் சல்லடைக் கண்ணில் சுற்றிக்கொள்ளும். மாலையை அறுத்துப் பூவை மட்டும் தாருங்கள். இளநீர்க் கூடு, மாங்கொட்டை, கரும்புச் சக்கை ஆகியவற்றை நறுக்காமல் போட்டால் இரண்டு சுற்று கழிந்தும் அப்படியே கிடக்கும். கொட்டாங்கச்சி லேசில் மட்காது. கரி சுடுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டிய வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் நல்ல சரக்கு. ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணி முழுக்கத் தண்ணீர், வாழைக்கன்றும் அப்படியே. அந்த வாரத்துக்கு மட்டும் சருகு இருமடங்கு வேண்டும். பட்டாசுக் காகிதத்தில் உலோக உப்புகள் ஒட்டியிருப்பதால் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

உலர் பொருள் அறை

பழைய பேப்பர் கடைக்காரர் ஈரமான அட்டையை எடைக்குப் போடுவதில்லை. போட்டாலும் தண்ணீருக்கென்று எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நனைந்த காகிதம் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியும் காகித ஆலைக்கு ஆகாது. நார்க்கூழில் எண்ணெய் கலந்தால் நார் ஒட்டாது. அதைக் கிழித்து உரத்தொட்டியில் போடலாம்.

பால் கவரில் இரண்டு விஷயம். முதலாவது, மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டு எந்தச் சேகரிப்பிலும் அகப்படாது, சாக்கடைக்கே போகும். இரண்டாவது, பாத்திரம் அலசிய தண்ணீரிலேயே கவரை அலசிக் கொடியில் காயப்போட்டால் போதும். கழுவாத கவர் ஒரு மூட்டையில் நாலைந்து இருந்தாலும் மூட்டை முழுவதும் நாறும். தரம் பிரிப்பவர்கள் அந்த மூட்டையை அவிழ்க்கவே தயங்குவார்கள்.

கெட்டிப் பிளாஸ்டிக்கை அடியில் உள்ள முக்கோண எண்ணைப் பார்த்துப் பிரிக்கிறோம்: 1 தண்ணீர் பாட்டில், 2 ஷாம்பு, பினாயில் டப்பாக்கள், 5 மூடிகளும் சாப்பாட்டு டப்பாக்களும். எண் தேய்ந்திருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். 2, 4, 5 மிதக்கும், 1, 3 மூழ்கும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மூழ்குவதில் 1ஆம் எண் பெட், 3ஆம் எண் பி.வி.சி. பெட் உருகுவதற்குச் சுமார் 250 டிகிரி வேண்டும். அதற்கு முன்பே பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், பெட் மஞ்சளடிக்கும். ஆகவே குழாய்த் துண்டு, வயர் உறை, பழைய ரெக்சின் எதுவும் பாட்டில் சாக்கில் விழக் கூடாது.

பிஸ்கட், சிப்ஸ் உறைகளை எந்தக் கடையும் வாங்காது. ஒன்றோடொன்று ஒட்டிய பல படலங்களைப் பிரித்தெடுக்கும் செலவு, பொருளின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. இவை எரிபொருளாகச் சிமென்ட் சூளைக்குப் போக வேண்டியவை. கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல் எரிசக்தி உள்ள, மறுசுழற்சிக்கு ஆகாத கழிவை நிலத்தில் கொட்டக் கூடாது என்றது 2016 விதி. அங்கேயும் ஈரமும் பி.வி.சி.யும்தான் எதிரி: ஈரம் வெப்பத்தைத் தின்னும், குளோரின் சூளைக்குள் படிந்து அடைக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பூச்சுக் காகிதக் கப்புகள் விசேஷ வீடுகளிலிருந்து இன்னும் வருகின்றன. காகிதம் என்று நினைத்து உலர் பொருளுக்கான நீலக் கூடையில் போடுகிறார்கள். அதுவும் சூளைக்குத்தான் போகும்.

குப்பையைக் கவரில் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுப்பது குறையவில்லை, வாடகைக்குப் புதிதாக வரும் வீடுகளில் குறிப்பாக. முடிச்சை அவிழ்க்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் பிளேடும் கண்ணாடியும் குத்துகின்றன. கூடையில் செய்தித்தாள் விரித்து, கழிவை அப்படியே வண்டியில் கவிழ்த்தால் போதும். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பினாயில் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி, மேலே எழுதித் தாருங்கள். நாப்கின், டயாப்பர் செய்தித்தாளில் சுற்றித் தனியாக வர வேண்டும். டயாப்பருக்குள் இருக்கும் உறிஞ்சுபொருள் உரத்தொட்டியில் விழுந்தால் கூழாகப் பரவும், பிறகு எடுக்கவே முடியாது. டியூப்லைட்டில் பாதரசம் உண்டு, உடைக்காமல் அதன் அட்டை உறையோடு தரவும். மொபைல் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, அறையில் உள்ள மணல் டப்பாவில் போடவும். நசுக்கி ஏற்றும் லாரியில் ஒரு லித்தியம் பேட்டரி நசுங்கினால் வண்டியே பற்றிக்கொள்ளும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு

முதல் தீர்மானம்: சருகுக் கொட்டகை. ஒரு தொட்டி நிரம்ப 500 கிலோ கழிவும் 25 சாக்குச் சருகும் பிடிக்கின்றன. மழைக்காலத்தில் ஆறு தொட்டி நிரப்ப 150 சாக்கு வேண்டும். புங்கையும் வேம்பும் மாசி, பங்குனியில் கொட்டும் சருகைத் தெருவில் எரிக்காமல் சேர்த்தால் இதற்குத் தாராளமாகப் போதும். தகரக் கூரையும், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரச் சட்டமும் வேண்டும். தரையில் அடுக்கினால் அடிச்சாக்கு நனைந்து அங்கேயே மட்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது தீர்மானம்: உலர் பொருள் சேகரிப்பைப் புதன், சனி ஆகிய இரு நாட்களில் மட்டும் நடத்துவது, மழை பெய்யும் நாளில் எடுக்காமல் அடுத்த முறைக்குத் தள்ளுவது. சரக்கை வீட்டில் மூன்று நான்கு நாளாவது வைத்திருக்க உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். கழுவிக் காயவைத்தது நாறாது.

இப்படிக்கு,
செயலாளர்