கடன் குடுத்தாச்சு, கணக்கு யாரு சொல்லித் தர்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சுயதொழில் கடன் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரை படிச்சேன். எந்த ஸ்கீம்ல எவ்வளவு மானியம்னு நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா மிஷின் எறக்குன மறுநாள்ல இருந்து கடன் வாங்குன பையன் யார்கிட்ட போய் சந்தேகம் கேப்பான்னு ஒரு வரி இல்லீங்க. நான் கணபதியில 31 வருஷம் லேத் பட்டறை வெச்சு பம்பு பார்ட்ஸ் ஜாப் ஒர்க் பண்ணிட்டு, முட்டி வலி வந்தப்புறம் மூடுனவன், அதனால எழுதறேன்.

பக்கத்து தெருவுல ஒரு தம்பி, டிப்ளமோ முடிச்சவன், லோன்ல ஒரு சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற கடைசல் மிஷின், வாங்கிப் போட்டான். பீஸ் 18 ரூபான்னு ஆர்டர் புடிச்சுட்டு ஸ்வீட் பாக்ஸோட வந்தான். அதென்னப்பா 18னு கேட்டா, பக்கத்து பட்டறையில 20ங்ணா, அதான் 2 ரூபா கொறச்சேங்கறான். வா உக்காருன்னு பழைய டைரி ஒண்ணுல எழுதுனோம். பீஸுக்கு 4 நிமிஷம், 8 மணி நேரத்துக்கு 120 வரணும், ஆனா டீ, லோடிங், டூல் மாத்தறது, ரிஜெக்ட் எல்லாம் போக 95 தான் தேறுது. அதுக்கு 1,710 ரூபா வரும். ஆபரேட்டர் கூலி 800, லோனுக்கு மாச டியூ 32,000த்தை 25 நாளைக்குப் பிரிச்சா 1,280, ஆக 2,080. கரண்ட், இன்சர்ட்ங்கற வெட்டு முனை, வாடகை இன்னும் எழுதவே இல்ல, அதுக்குள்ள தெனம் 370 ரூபா கைவிட்டுப் போகுது. மூஞ்சி சுண்டிப் போச்சுங்க அவனுக்கு. டியூ வேற கணக்குன்னு நெனச்சிருக்கான். அதே டைரியைத் தூக்கிட்டுப் போய் ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்ட பேசி 23க்கு முடிச்சான், நைட் ஷிப்டும் போட்டான், இப்ப ஏதோ ஓடுது.

அடுத்தது பாக்கி. 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, அதாவது சின்ன, நடுத்தரத் தொழிலுக்கான சட்டப்படி, 45 நாளைக்கு மேல பில்லை இழுத்தடிக்கக் கூடாது, வட்டி போடலாம், அதுக்குன்னு இருக்கற கவுன்சில்ல புகார் குடுக்கலாம். ஆனா வேலை குடுக்கற பார்ட்டி மேலயே எவன் புகார் குடுப்பான்? அங்கதான் அனுபவம் வேணும். 2024 ஏப்ரல்ல இருந்து, சின்ன யூனிட்டுக்கு அந்த கெடு தாண்டி பாக்கி வெச்சா, வேலை குடுத்த பார்ட்டி பணம் கட்டற வரைக்கும் அதை செலவா காட்டி வருமான வரியில கழிக்க முடியாது. அதனால முதலாளிகிட்ட மல்லுக்கட்ட வேண்டாம், பில்லுல உத்யம் நம்பரை, அதாவது சின்னத் தொழிலுக்கு கவர்மென்ட் குடுக்கற பதிவு நம்பரைப் போட்டு, வருஷக் கணக்கு முடிக்கற மார்ச் மொத வாரம் அவங்க அக்கவுன்டன்டுக்கு ஒரு போன் போடுன்னு சொன்னேன். ரெண்டு பில் வந்துருச்சு. அந்த உத்யம் பதிவுக்கு எவனோ ஒரு புரோக்கர் அவன்கிட்ட 3,000 ரூபா புடுங்கியிருக்கான், கவர்மென்ட் அதுக்கு ஒரு பைசா வாங்கறதில்லீங்க, இதைக்கூட சொல்ல ஆளில்ல பாருங்க.

கடனுக்கு முன்னாடி ட்ரெய்னிங்னு ஒண்ணு குடுக்கறாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா கேள்வி எல்லாம் கடை தொறந்த மூணாவது மாசந்தான வருது. தொழில் தொடங்கற இளைஞருக்கு உதவற பாரதிய யுவ சக்தி டிரஸ்ட்காரங்க 1992ல இருந்தே ஆளுக்கொரு மென்டர்னு, அதாவது வழிகாட்டின்னு போட்டு செஞ்சுட்டு வர்றாங்க. மாவட்டத் தொழில் மையமும் பட்டறையை மூடிட்டு வீட்ல உக்காந்திருக்கற எங்களை மாதிரி ஆளுங்க பேரை ஏரியாவாரியா எழுதி வெச்சுட்டு, லோன் வாங்கறவங்க கையில ஒரு போன் நம்பர் குடுத்தா போதுங்க. சம்பளம் வேண்டாம், பெட்ரோல் காசு குடுத்தா சரி. ஒண்ணு, எங்க ஆளுங்களுக்கும் ஒரு நாள் கிளாஸ் எடுக்கணும், எங்க காலத்துலன்னு ஆரம்பிச்சா பையன் செல்போனை நோண்ட ஆரம்பிச்சுடறான்.

எனக்கு சனிக்கிழமை மூணு மணிக்கு மேல வேலையில்லீங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய பட்டறைக்காரன்,
கணபதி, கோயமுத்தூர்.